பவளம் அன்ரியின் பெயர் இருந்த பக்கம்

கணினியில் எதையாவது நிறுவ வேண்டுமென்றால் நான் சுட்டியைத் தொடுவதில்லை. கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளையை முழுதாகத் தட்டச்சு செய்து, ஒருமுறை வாசித்துப் பார்த்த பிறகுதான் என்டரைத் தட்டுவேன். சுட்டியால் அழுத்துகிறவர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போவார்கள், கடைசியில் என்ன நடந்ததென்று அவர்களுக்கே தெரியாது. நான் செய்தது என்னவென்று எனக்கு எப்போதும் தெரியும்.

விசாரணைக் குழுவின் மூன்று உறுப்பினர்களுக்கும் வணக்கம். பவளம் அன்ரி கிரான்பர்னில் தன் யூனிட் வீட்டில் தனியாக இறந்து கிடந்ததைப் பற்றி விசாரிக்க எங்கள் முதியோர் நலச் சங்கம் உங்களை நியமித்தது. என்னை ஒரு தடவை கூப்பிட்டீர்கள். தேநீரும் வடையும் தந்தீர்கள். அரை மணி நேரம் கேள்வி கேட்டீர்கள். கேட்ட எல்லாவற்றுக்கும் உண்மையான பதிலைத்தான் சொன்னேன். நீங்கள் கேட்காமல் விட்டவற்றை இதில் எழுதுகிறேன்.

சங்கத்தின் இணையத்தளத்தை 1999இல் ஆரம்பித்தவன் நான். அப்போது நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்தேன். அவர்கள் கழித்துவிட்ட ஒரு சேர்வரைக் கேட்டு வாங்கி, என் வீட்டுக் கராஜில் வைத்து, என் இணைப்பில், என் மின்சாரத்தில் ஓடவிட்டேன். 2007இல் அந்த நிறுவனம் என்னையும் கழித்துவிட்டது. சேர்வர் நிற்கவில்லை. சங்கத்தில் யாரும் எனக்குச் சம்பளம் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆண்டு மலரின் கடைசிப் பக்கத்தில், மண்டபத்துக் கதிரைகளை அடுக்கியவர்களுக்கு நன்றி சொல்லும் வரியில், 'மற்றும் வரதராஜா' என்று போடுவார்கள்.

சேர்வரில் ஒரு எக்ஸ்டென்ஷன் நிறுவியிருந்தேன். அது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அது இருந்தால், உரிமை பெற்ற ஒருவர் தன் வீட்டுக் கணினியில் ஒரு பக்கத்தை எழுதி, பொத்தானை அழுத்தி, நேரே தளத்தில் ஏற்றிவிடலாம். இவர் வாசிக்க மட்டும், இவர் எழுதலாம், இவர் நிர்வகிக்கலாம் என்று ஒவ்வொரு பெயருக்கும் ஓர் உரிமை உண்டு. அந்த உரிமையைக் கொடுப்பதும் பறிப்பதும் என் கறுப்புத் திரையில் ஒற்றை வரி. ஒன்பது வருடமாக எழுதும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. மற்றவர்கள் விஷயத்தை எனக்கு அனுப்புவார்கள். நான் திகதியைச் சரிபார்த்து, பெயரைச் சரிபார்த்து ஏற்றுவேன். அந்த ஒன்பது வருடத்தில் ஒரு மரண அறிவித்தலில்கூடத் தப்பு வந்ததில்லை.

வெயில் நாள் பட்டியலும் அந்தத் தளத்தில்தான் இருந்தது. தனியாக வாழும் முதியவர்களின் பெயர், முகவரி, யார் போய்ப் பார்ப்பது என்ற விவரம். வெப்பம் முப்பத்தெட்டுப் பாகையைத் தாண்டும் என்று அறிவித்தால், தொண்டர்கள் போய்க் கதவைத் தட்டி, தண்ணீர் குடிக்கவைத்து, காற்றாடி சுழல்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். முன்பு இதைத் தொலைபேசியில் ஒருவருக்கொருவர் சொல்லி நடத்தினார்கள். 2006இல் ஒரு வீட்டுக்கு மூன்று பேர் மோரோடு போய் நின்றார்கள், இன்னொரு வீட்டுக்கு ஒருவரும் போகவில்லை. நல்லவேளையாக அந்த மனிதர் மகளின் வீட்டுக்குப் போயிருந்தார். அதற்குப் பிறகு நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன், செயற்குழு ஏற்றுக்கொண்டது. வெயில் நாள் காலை எட்டு மணிக்குத் தொண்டர்கள் பக்கத்தை அச்செடுக்க வேண்டும். அதில் உள்ள வீடுகளுக்குப் போக வேண்டும். தொலைபேசியில் கேட்பதும் சொல்லிவிடுவதும் கிடையாது. அந்த ஒழுங்கை எல்லோரும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள். அதுதான் என் சங்கத்தின் நல்ல குணம், ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் கேள்வி கேட்கமாட்டார்கள்.

இப்போது ரஞ்சினிக்கு வருகிறேன்.

ரஞ்சினி மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி. முப்பத்து நாலு வயது. எட்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்தவள். 2008 நவம்பர் பொதுக்கூட்டத்தில் அவளை இணையச் செயலாளராகத் தெரிவுசெய்தார்கள். அப்படி ஒரு பதவி அதற்கு முன் இருக்கவில்லை, ஏனென்றால் அந்த வேலையை நான் பதவி இல்லாமலே செய்துவந்தேன். தலைவர் மோகனதாஸ் கூட்டம் முடிந்து என் தோளில் கைபோட்டு, "வரதர், பிள்ளைக்கு எழுதுற உரிமையைக் குடுத்துவிடுங்கோ. உங்களுக்கும் ஆறுதலா இருக்கும்" என்றார். எனக்கு ஆறுதல் வேண்டும் என்று நான் எவரிடமும் கேட்டதில்லை. இருந்தாலும் அன்றே ஒரு வரி தட்டச்சு செய்து அவளுக்கு உரிமை கொடுத்தேன்.

ஒரு மாதத்தில் தளம் அடையாளம் தெரியாமல் போயிற்று. தலைப்பில் சூரியகாந்திப் பூ வந்தது. எழுத்து திரையின் குறுக்கே ஊர்ந்து போயிற்று. மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்று இரண்டு நாள் இருந்தது. எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். வெயில் நாள் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கும் வேலையை அவள் நன்றாகச் செய்தாள். வீடு வீடாகப் போய், யார் எந்த மருந்து எடுக்கிறார்கள், யாருக்குக் காது கேட்காது, யார் வீட்டுச் சாளரம் திறக்காது என்று குறித்து, ஒரு நாளைக்கு இரண்டு தடவை பார்ப்பதாக மாற்றினாள். நான் செய்திருந்தால் அவ்வளவு நன்றாக வந்திராது.

டிசம்பர் 14 செயற்குழுக் கூட்டத்தில் நான் ஒரு வேண்டுகோள் வைத்தேன். அவள் எழுதியதை என்னிடம் அனுப்பட்டும், நான் பார்த்து ஏற்றுகிறேன் என்றேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் மன்னித்திருப்பேன். அவள் சிரித்தாள்.

"அண்ணா, உதெல்லாம் மியூசியத்தில வைக்கிற சாமான். இந்தக் காலத்தில ஆர் கறுப்பு ஸ்கிரீனில இருந்து டைப் பண்ணுகினம்? அடுத்த வருசம் நாங்கள் வேற ஹோஸ்டிங்குக்கு மாறுவம், நீங்கள் கராஜைக் கூட்டித் துடைச்சுக் காரை விடுங்கோ."

பதினொரு பேர் சிரித்தார்கள். மோகனதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை என்று உங்களில் ஒருவர் சொல்லக்கூடும், ஏனென்றால் அவரும் அங்கே இருந்து சிரித்தார். பத்து வருடம் கறிவேப்பிலையாக இருந்தவனைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டுச் சிரித்தீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து புன்னகைத்தேன். என் வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. வேலையிலிருந்து நிறுத்தியபோதுகூட வரவில்லை. அந்தக் கோபம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. இதை எழுதும்போது கொஞ்சம் கூடியிருக்கிறது.

கோபத்தில் நான் எதையும் உடைக்கவில்லை. ஜனவரி 3ஆம் திகதி, சனிக்கிழமை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கராஜுக்குப் போனேன். அதே சேர்வரில் இன்னொரு தளம் ஓடுவதற்கு இரண்டாவது வாசல் ஒன்றைத் திறந்து, அங்கே எக்ஸ்டென்ஷனை இரண்டாவது தடவையாக நிறுவினேன். சங்கத்தின் தளத்தை அப்படியே அங்கே பிரதி எடுத்தேன். பிரதியில் ரஞ்சினிக்கு எழுதும் உரிமை கொடுத்தேன். உண்மையான தளத்தில் அவளுடைய உரிமையை எடுத்துவிட்டேன். கடைசியாக, அவளுடைய வீட்டு இணைப்பிலிருந்து வரும் எந்தக் கோரிக்கையும் பிரதிக்குப் போகும்படி ஒரு விதி எழுதினேன். எல்லாமாக ஏழு கட்டளைகள். ஒன்றிலும் பிழைச் செய்தி வரவில்லை.

புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அன்றிலிருந்து ரஞ்சினி எழுதி ஏற்றிய எதையும் ரஞ்சினியைத் தவிர வேறு ஒருவரும் பார்க்கவில்லை. அவள் பொத்தானை அழுத்துவாள், 'வெற்றிகரமாக வெளியிடப்பட்டது' என்று திரையில் வரும். தளத்தைத் திறந்து பார்ப்பாள், அவள் எழுதியது அங்கே இருக்கும். மற்ற எல்லோருக்கும் ஜனவரி 3 காலையில் இருந்த பக்கமே தெரியும். பட்டியலைப் பொறுத்தவரை அது இன்னும் பழையது. புதிய பட்டியலைத் தயாரித்து முடியாததால் என்னுடைய போன வருடப் பட்டியலைத்தான் அவள் அதுவரை விட்டுவைத்திருந்தாள். மருத்துவமனையில் இருக்கும் கணினிகளில் வெளித்தளங்கள் திறக்காது. அதை அவளே ஒருமுறை சொல்லியிருந்தாள், நான் ஞாபகம் வைத்திருந்தேன்.

ஒரே ஒரு தடவை பிடிபடும் போல் இருந்தது. புதுப்பக்கம் எங்கே, தனக்குப் பழையதுதான் தெரிகிறது என்று மோகனதாஸ் அவளைக் கேட்டிருக்கிறார். அவள் எனக்கு அழைத்தாள். கணினிகள் பழைய பக்கத்தைச் சேமித்து வைத்திருக்கும், மோகனதாஸ் அங்கிளிடம் ரிஃபிரெஷ் பண்ணச் சொல்லு என்றேன். மிகவும் நன்றி அண்ணா என்றாள். மோகனதாஸ் ரிஃபிரெஷ் பண்ணிப் பார்த்தாரா, அலுத்துப்போய் விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

என் நோக்கம் என்ன என்று கேட்பீர்கள். சின்னதாக ஒரு தவறு நடக்க வேண்டும், அவ்வளவுதான். கோடையில் ஒரு சூடான நாள் வரும், யாராவது ஒரு முதியவர் 'என்னை ஒருவரும் வந்து பார்க்கவில்லை' என்று சங்கத்துக்கு முறைப்பாடு செய்வார், அதைக் கையில் எடுத்துக்கொண்டு பெப்ரவரி 1ஆம் திகதிக் கூட்டத்தில் எழுந்து நிற்பேன். பார்த்து ஏற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று நான் அப்போதே சொன்னேனே என்பேன். அந்த வசனத்தைக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

பவளம் அன்ரியை நீங்கள் அறிவீர்கள், ஆனால் அவர் எப்படிப் பட்டியலுக்குள் வந்தார் என்பதை எழுத வேண்டும். எழுபத்தெட்டு வயது. சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் கணவரோடு இருந்தவர். கணவர் இறந்த பிறகு, வாடகை குறைவு என்று கிரான்பர்னில் ஒரு யூனிட் பார்த்துக் கொடுத்தான் மகன். மகனுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்க வேலை, மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் வருவான். ஜனவரி 12ஆம் திகதி ரஞ்சினி அவரைப் போய்ப் பார்த்து, பெயரைச் சேர்த்தாள். அவரைப் பார்க்கும் பொறுப்பு சிவமணிக்கு, காலை பதினொரு மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும். சிவமணி டாக்சி ஓட்டுகிறவர், அந்தப் பகுதி வீடுகளெல்லாம் அவருடைய பொறுப்பு. சங்கத்திலிருந்து கட்டாயம் வருவார்கள், நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம் என்று அன்ரியிடம் ரஞ்சினி சொல்லிவிட்டு வந்தாள். அன்றிரவு அவள் பக்கத்தை ஏற்றியதை நான் மறுநாள் பார்த்தேன். பிரதியில் அன்ரியின் பெயர் இருந்தது. உண்மையான தளத்தில் இல்லை. அப்போது வெளியே இருபத்தாறு பாகை, நல்ல காற்று. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 28, புதன்கிழமை, வெயில் தொடங்கியது. மூன்று நாளும் நாற்பத்து மூன்றுக்கு மேல். ரயில் தண்டவாளம் வளைந்து சேவைகள் நின்றன. ரஞ்சினிக்கு அந்த மூன்று நாளும் இரட்டை வேலை. அவசரப் பிரிவு முழுக்க முதியவர்கள். வேலைக்குப் போக முன் தினமும் தன் வீட்டிலிருந்து தளத்தைத் திறந்து, பட்டியல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். சேர்வரின் பதிவில் நேரம் இருக்கிறது, காலை ஐந்து நாற்பது.

சிவமணி எட்டு மணிக்குப் பக்கத்தை அச்செடுத்தார். அதில் ஐந்து வீடுகள். ஐந்துக்கும் மூன்று நாளும் போனார். டாக்சி ஓட்டத்தை விட்டுவிட்டுப் போனார். அந்த ஐந்து பேரும் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தேன். அவளுடைய குறிப்புகளை விட்டால், வீடுகளில் வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். பட்டியலை மட்டும் பிரதியிலிருந்து எடுத்து உண்மையான தளத்தில் போட ஒரு கட்டளை உண்டு. ஒரே வரி. அதைத் தட்டச்சும் செய்தேன். வழக்கப்படி ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். ஒரு நாள் யாரும் வராவிட்டால் அன்ரி தொலைபேசி எடுப்பார், முறைப்பாடு வரும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அது போதும் என்று கணக்குப் போட்டேன்.

என் கணக்கில் ஒரு பிழை இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். பவளம் அன்ரி போன்றவர்கள் முறைப்பாடு செய்யமாட்டார்கள். வாறம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவருக்கு அழைத்து 'ஏன் வரவில்லை' என்று கேட்பது அவர்களுக்கு வெட்கம். அவருடைய தொலைபேசியில் அந்த மூன்று நாளில் ஒரே ஒரு அழைப்புத்தான், புதன்கிழமை பின்னேரம், மகனுக்கு. மகன் உங்களிடம் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "சங்கத்தால வாறம் எண்டவை, இன்னும் காணேல்லை. வெயிலுக்குள்ள அவையும் பாவம்தானே. நாளைக்கு வருவினம்." மகனும் நாளைக்கு வருவார்கள் என்றே நினைத்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் என் மனைவி கல்யாணி குசினியில் மோர் கரைத்துப் பெரிய போத்தலில் ஊற்றி, ஐஸ் கட்டிகளை ஒரு பையில் போட்டுக் கட்டினாள். யாருக்கு என்று கேட்டேன். பொங்கலன்று கோயிலில் பவளம் அன்ரியைச் சந்தித்ததாகச் சொன்னாள். புது இடம், ஒருவரையும் தெரியாது, ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். எங்கள் வீட்டிலிருந்து அந்த யூனிட் காரில் ஏழு நிமிடம். செருப்பைக்கூடப் போட்டுவிட்டாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சயப்பா, பேஜில பாத்துச் சொல்லுங்கோ. ஆரையும் போட்டிருக்கினமோ? போட்டிருந்தா நான் ஏன் குறுக்கால போவான், பிறகு ரெண்டு பேர் வந்ததெண்டு கதை வரும்."

2006இல் ஒரே வீட்டுக்கு மூன்று பேர் போனார்களே, அதில் கல்யாணியும் ஒருத்தி. அதற்காக அவளைச் செயற்குழுவில் கேலி செய்தார்கள். அதனால்தான் கேட்டாள்.

நான் கராஜுக்குப் போனேன். இரண்டு பக்கங்களையும் திறந்தேன். திரும்பிவந்து சொன்னேன்.

"பேர் இருக்கு. சிவமணிக்குப் போட்டிருக்கு. பதினொண்டுக்கும் நாலுக்கும்."

அவள் செருப்பைக் கழற்றினாள். மோர்ப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தாள். பின்னேரம் நாங்கள் இருவரும் அதைக் குடித்தோம்.

நான் சொன்னது பொய்யல்ல. ஒரு பக்கத்தில் பெயர் இருந்தது. எந்தப் பக்கத்தில் என்று கல்யாணி கேட்கவில்லை. பொலிஸ் கேட்டாலும் இதையே சொல்வேன். ஆனால் நான் எதையும் அறியாமல் சொன்னேன் என்று எவரும் நினைக்க வேண்டாம். சிவமணி அச்செடுத்த பக்கம் எதுவென்று எனக்குத் தெரியும். புதன்கிழமை அந்த வீட்டுக்கு ஒருவரும் போகவில்லை என்று தெரியும். வியாழக்கிழமையும் போகவில்லை என்று தெரியும். வெளியே நாற்பத்து நாலு பாகை என்று தெரியும். அந்த யூனிட்டின் முன்னறை மேற்குப் பக்கம் பார்த்தது, சாளரம் திறக்காது. ரஞ்சினி அதைக் குறித்திருந்தாள், நான் வாசித்திருந்தேன். கல்யாணி போயிருந்தால் அன்ரி உயிரோடு இருந்திருப்பார் என்பது, வைத்தியர் சொன்ன மரண நேரத்தை வைத்துப் பார்த்தால் தெரிகிறது. அவர் இறந்தது வியாழக்கிழமை மாலை.

சனிக்கிழமை மகன் அழைத்து, பதில் இல்லாமல், பொலிஸ் கதவை உடைத்தது. குளியலறை வீட்டின் பின்பக்கம், கொஞ்சமாவது குளிர்ச்சியான இடம். அன்ரி அங்கே போகவில்லை. முன்னறையில், வாசலைப் பார்த்த கதிரையில் இருந்தார். வருகிறவர்கள் தட்டினால் கேட்க வேண்டும் அல்லவா. நல்ல சேலை உடுத்து, தலை வாரியிருந்தார். மேசையில் இரண்டு கிளாஸில் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துச் சோசரால் மூடி வைத்திருந்தார். சிவமணி தன்னோடு ஒருவரைக் கூட்டிவந்தால் என்று இரண்டாக வைத்தாரா, ஒன்று தனக்காக வைத்தாரா என்று எனக்குச் சில நாள் யோசனையாக இருந்தது. இரண்டும் நிரம்பியபடி இருந்தன. வருகிறவர் குடிக்கும் முன் தான் குடிப்பது மரியாதையில்லை என்று இருந்திருப்பார்.

மோகனதாஸ் எனக்கு அழைத்து அழுதார். நான் ஆறுதல் சொன்னேன். தொலைபேசியை வைத்துவிட்டுக் கராஜுக்குப் போய், பிரதியை உண்மையான தளத்தின் மேல் ஏற்றினேன், ரஞ்சினியின் உரிமையைத் திருப்பிக் கொடுத்தேன், இரண்டாவது வாசலை மூடினேன், விதியை அழித்தேன். பதினொரு நிமிடம். அதற்குப் பிறகு தளத்தைத் திறந்த எல்லோரும் பவளம் அன்ரியின் பெயருக்கு நேரே சிவமணியின் பெயரைக் கண்டார்கள்.

சிவமணி பட்ட பாட்டை நீங்கள் பார்த்தீர்கள். செத்த வீட்டில் அவருக்கு யாரும் கதிரை கொடுக்கவில்லை. அன்ரியின் மகன் எல்லோர் முன்னாலும் அவருடைய சட்டையைப் பிடித்தான். அவர், "நான் கிழவியைக் கண்டதே இல்லை. எனக்குத் தந்த பேப்பரில இல்லை" என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னார். அது போன வருட அச்சு என்று நான்தான் சொன்னேன். மூன்று வாரம் கழித்து உங்களில் ஒருவர் அந்தத் தாளை வாங்கி, அடியில் ஜனவரி 28 என்று திகதி இருப்பதைக் கண்டுபிடித்தீர்கள். அது நல்ல வேலை. அதற்குள் சிவமணி டாக்சி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், ரஞ்சினி பதவியை விட்டு விலகி ஒருவரோடும் பேசாமல் இருக்கிறாள். பட்டியலைத் தான் சரியாக ஏற்றவில்லையோ என்று அவளுக்கு இன்னும் சந்தேகம். அவள் சரியாகத்தான் ஏற்றினாள். இதை அவளுக்குச் சொல்லிவிடுங்கள்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

நேற்று உங்கள் வரைவு அறிக்கை எனக்குக் கிடைத்தது. நாலாம் பக்கத்தில் முடிவாக இப்படி எழுதியிருக்கிறீர்கள்: 'இவ்விபரீதத்துக்கு எந்தத் தனிநபரும் பொறுப்பல்ல. சங்கத்தின் சேர்வர் பழுதடைந்திருந்ததும், அதில் நிறுவப்பட்டிருந்த எக்ஸ்டென்ஷன் சரிவர இயங்காததுமே காரணம். அதை உடனடியாக அகற்றப் பரிந்துரைக்கிறோம். நீண்டகாலம் உழைத்த திரு. வரதராஜாவுக்கு எமது நன்றி.'

கல்யாணி அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, பெரிய நிம்மதியாக, "உங்களில பிழை இல்லையெண்டு எழுதியிருக்கினம்" என்றாள். டிசம்பர் கூட்டத்தில் சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியாது. நீங்கள் மூன்று பேரும் அந்த இயந்திரத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பதிவுகளைக் கேட்டு வாங்கவில்லை. கராஜ் கதவைத் திறந்து காட்டு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆளுக்கொரு வடையைத் தின்றுவிட்டு, பத்து வருடம் ஒரு நாளும் நிற்காமல் ஓடிய ஒன்றின்மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். அந்த வசனத்தை எழுதியவர் யாரோ, அவருக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்க வேண்டும்.

ஆகையால் நாலாம் பக்கத்தைத் திருத்தும்படி கேட்கிறேன். எக்ஸ்டென்ஷன் இரண்டு தடவையும் முறையாக நிறுவப்பட்டது. கொடுத்த கட்டளை ஒவ்வொன்றும் கொடுத்தபடியே நிறைவேறியது. ரஞ்சினியின் பக்கத்தை ஒளித்தது நான். பெயரைச் சேர்க்கும் கட்டளையை அழித்தது நான். கல்யாணியைத் தடுத்தது நான், சிவமணியை மாட்டிவிட்டதும் நான். பவளம் அன்ரியைக் கொன்றது யார் என்று எழுத ஓர் இடம் வேண்டுமானால் அங்கே என் முழுப் பெயரையும் எழுதுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. பதிவுகளின் பிரதிகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். எந்தப் பொலிஸ்காரரிடமும் காட்டலாம்.

வெயிலில் பழுதடைந்திருக்கலாம் என்று ஓர் அடிக்குறிப்பும் போட்டிருக்கிறீர்கள். அதையும் எடுத்துவிடுங்கள். வெயில் வரப்போகிறது என்று அறிவித்த அன்றே எங்கள் படுக்கையறைக் குளிரூட்டியைக் கழற்றிக் கராஜில் பொருத்திவிட்டேன். ஒரு மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். அந்த மூன்று நாளும் சேர்வர் இருந்த இடத்தில் இருபத்தொரு பாகைக்கு மேல் ஏறவேயில்லை.